பனைமரங்களை அழித்துவிட்டு வீட்டை வரையுங்கள்

கேள்வி: பாம்பன் எங்கள் சொந்த ஊர், நான் சென்னையில் பணிபுரிகிறேன். அப்பாவின் அக்காவான என் அத்தைக்கு 71 வயது. இளம் வயதிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். ஓராண்டுக்கு முன் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் செயலிழந்துவிட்டன. பேச்சு குழறுகிறது, ஆனால் எல்லோரையும் அடையாளம் தெரிகிறது. ராமநாதபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் அவரைத் தூரத்து உறவுப் பெண் ஒருவர் உடனிருந்து கவனித்துக்கொள்கிறார். நாங்களும் அவ்வப்போது முடிந்ததை அனுப்புகிறோம். அத்தைக்குப் பரிசாக, அவர் சிறுமியாக இருந்த காலத்துப் பாம்பன் கரையை, வத்தைப் படகுகள், காயும் வலைகள், ரயில் பாலம் எல்லாமாக, கேன்வாஸில் அக்ரிலிக் வண்ணத்தில் வரைந்துகொண்டிருக்கிறேன். கரையோரத்தில் தாத்தா பவளப்பாறைக் கல்லால் கட்டிய எங்கள் வீடு இருந்தது. 2006-இல் என் கல்லூரிச் செலவுக்காக அப்பா அதை விற்க நேர்ந்தது. அத்தையும் மறுக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வீட்டைப் பார்த்தால் வருத்தப்பட்டு அழுவாரோ என்று அந்த இடத்தைப் பனைமரங்களால் நிரப்பிவிட்டேன். 'பழையதைக் கிளறாதே' என்று அப்பாவும் சொன்னார். பாலத்தைத் திறந்த நிலையில் வரைவதா, மூடிய நிலையில் வரைவதா? வார்னிஷ் பூசலாமா? படம் அத்தைக்கு ஆறுதல் தருமா?

பதில்: பாலத்தைப் பற்றியும் வார்னிஷைப் பற்றியும் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை: வீடு இருந்த இடத்தைப் பனைமரங்களால் நிரப்பிவிட்டேன் என்கிறீர்கள். ராமநாதபுரம் கடற்கரையில் பனை இல்லாத படம் ஒரு படமே அன்று என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பனைகளை அழகுக்காகவா நட்டீர்கள்? ஒரு வீட்டை மறைப்பதற்காக நட்டிருக்கிறீர்கள். மனிதர்கள் குடியிருந்த ஓர் இடத்தை வெறும் காடாக்கி, அதையே அங்கே பிறந்து வளர்ந்தவரிடம் 'இதோ உங்கள் ஊர்' என்று நீட்டப் போகிறீர்கள்.

அத்தையின் வருத்தத்துக்கு அஞ்சி அப்படிச் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நம்பவில்லை. 71 வயதில், ஒரு பக்கம் செயலிழந்து, வாடகை வீட்டின் கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கும் ஒருவருக்குத் தம் வீடு விற்கப்பட்டது மறந்துபோயிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? அது அவருக்கு ஒவ்வொரு விடியலிலும் நினைவிருக்கும். அந்தப் படத்தில் வீட்டைப் பார்க்கத் தயங்குபவர் அத்தை அல்லர். நீங்களும் உங்கள் அப்பாவும்தான்.

'மறுக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்' என்ற சொற்களையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. தாத்தா தம் உழைப்பில் கட்டி, உயில் எழுதாமல் மறைந்திருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த வீட்டில் மகனுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு மகளுக்கும் உண்டு. அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்ததே அதற்காகத்தான். தம்பி கேட்டான், தம்பி மகளின் படிப்பு என்றான், அக்கா போட்டுக் கொடுத்துவிட்டார். தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டுக் கட்டிய சேலையோடு வெளியேறிய அக்காமார்களின் கதை எனக்கு வரும் கடிதங்களில் ஓயாமல் வருகிறது. அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'அவர் மறுக்கவே இல்லை' என்ற வரியும் இருக்கிறது. மறுக்காதது சம்மதம் ஆகிவிடாது. கணவரை இழந்து பிறந்த வீட்டை நம்பி வந்த பெண், உடன்பிறந்தவனிடம் 'முடியாது' என்று சொல்லிவிட்டு எங்கே போய் நிற்பார்?

இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போக்கிடமற்ற அக்கா குடியிருக்கும் வீட்டை, அவருக்கு வேறொரு கூரையை உறுதி செய்யாமல் விற்பதற்கு எந்தத் தம்பிக்கும் உரிமை இல்லை; காரணம் மகளின் படிப்பாக இருந்தாலும் இல்லை. அந்தப் படிப்பால் உயர்ந்த மகளுக்கோ, 'அது அப்பா செய்தது' என்று விலகிக்கொள்ள வழி இல்லை. உங்கள் பட்டத்தில் அத்தையின் திண்ணையும் அடுப்படியும் இருக்கின்றன. சீர் செய்வது, சபையில் முதல் மரியாதை கொடுப்பது என்று அத்தை உறவுக்கு நம் குடும்பங்களில் எத்தனையோ சடங்குகள் வைத்திருக்கிறோம். அவர் படுக்கையில் விழுந்தபின் அந்த மரியாதை எல்லாம் எங்கே போகிறது என்பது எனக்கு விளங்குவதே இல்லை.

ஆகவே பனைமரங்களை எடுத்துவிடுங்கள். அக்ரிலிக்கில் வரைந்தது நல்லதாயிற்று. நீர்வண்ணமாக இருந்தால் தாளையே மாற்ற வேண்டியிருக்கும். காய்ந்த வண்ணத்தின் மீது டைட்டானியம் வெள்ளையை இரண்டு பூச்சாக அடித்து உலரவிட்டால், பனைகள் முழுவதும் மறைந்து வீட்டுக்கு இடம் கிடைத்துவிடும்.

வீட்டை எப்படி வரைவது என்று என்னைக் கேட்காதீர்கள், உங்கள் அப்பாவைக் கேளுங்கள். அந்த வீட்டில் வளர்ந்தவர்களில் தடையின்றிப் பேசக்கூடியவர் அவர்தானே. வாசல் எந்தத் திசை பார்த்தது, திண்ணை ஒரு பக்கமா இரு பக்கமா, கிணறு எங்கே, வலை உலர்த்திய இடம் எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் கையாலேயே ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 'கிளறாதே' என்றவர் கிளறித்தான் ஆக வேண்டும். வீடு வடகடலான பாக் விரிகுடாவைப் பார்த்ததா, தென்கடலான மன்னார் வளைகுடாவைப் பார்த்ததா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கடலின் நிறமே அதைப் பொறுத்தது. வாடைக் காலத்தில் வடகடல் கலங்கிக் கொந்தளிக்கும்போது தென்கடல் அடங்கிக் கிடக்கும், தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இது தலைகீழாகிவிடும் என்பது பாம்பனில் பிறந்த உங்களுக்குத் தெரியாததன்று. சென்னை வாசத்தில் இரண்டு கடலுக்கும் ஒரே நீலத்தைப் பூசிவிடாதீர்கள்.

பாலத்துக்கு வருகிறேன். அத்தை சிறுமியாகப் பார்த்தது 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம். அதன் தூக்குப் பகுதியை ஆட்கள் நெம்புகோல்களைச் சுழற்றித் திறப்பார்கள். இரண்டு இறக்கைகள் இரு பக்கமும் மேலெழும்ப, நடுவே கப்பல் செல்லும். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் நடுப்பகுதி முழுவதும் படுத்த வாக்கிலேயே நேராக மேலே ஏறுகிறது. இப்போதைய படங்களைப் பார்த்து வரைந்தால் அத்தைக்கு அது வேற்றூர்ப் பாலமாகத்தான் தெரியும். சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது என்பதால், படத்தில் அது இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். திறந்த நிலையா, மூடிய நிலையா என்பதை நான் சொல்வது முறையன்று. 1964 டிசம்பர் புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற ரயிலை அலை அடித்துச் சென்றபோது அத்தைக்குப் பத்து வயது இருந்திருக்கும். மூடிய பாலத்தின் மீது ஒரு ரயிலைப் பார்ப்பது அவருக்கு எதை நினைவூட்டும் என்று நாம் எப்படி முடிவு செய்வது? அவரிடமே கேளுங்கள்.

பேச்சு குழறுகிறவரிடம் எப்படிக் கேட்பது என்பீர்கள். பக்கவாதத்தில் பேச்சு குறைந்த பலருக்குப் பேச்சு குறைந்த அளவுக்குப் புரிதல் குறைந்திருப்பதில்லை. 'ஆம்', 'இல்லை' என்று தலையசைத்தோ இடக்கையால் தொட்டுக்காட்டியோ பதில் சொல்லக்கூடிய சிறு கேள்விகளாக, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். அவருக்காக நீங்களே வாக்கியத்தை முடித்துவைக்காதீர்கள். அவர் அழுவாரா என்று கேட்டால், அழக்கூடும். பக்கவாதத்துக்குப் பின் சிலருக்குச் சிறு மகிழ்ச்சிக்கும் கண்ணீர் பெருகும்; அதுவன்றி உண்மையான துக்கத்திலேயே அவர் அழுதாலும் அதற்கு அவருக்கு உரிமை உண்டு. அந்த அழுகைக்கு நீங்களும் அப்பாவும் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்டளை. படத்தைக் கூரியரில் அனுப்பும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். வண்ணம் முற்றுப்பெறாத படத்தை எடுத்துக்கொண்டு, அப்பாவையும் அழைத்துக்கொண்டு இரவு ரயிலில் ஏறினால், காலையில் ராமநாதபுரத்தில் இறங்கலாம். வீட்டை விற்றது தவறு என்ற சொல்லை அப்பா தம் வாயால் சொல்லட்டும். அவர் சொல்லத் தயங்கினால், அந்தப் பணத்தில் படித்த நீங்கள் சொல்லுங்கள்.

வார்னிஷை அத்தை பார்த்துத் திருத்தம் காட்டிய பிறகு பூசுங்கள். மேட் வார்னிஷாக இருக்கட்டும். பளபளப்பானதில் ஜன்னல் வெளிச்சம் பட்டால் படுத்திருப்பவருக்குப் படம் தெரியாது, வெளிச்சம் மட்டுமே தெரியும். அதே காரணத்தால் கண்ணாடிச் சட்டமும் வேண்டாம். வலப்பக்கம் செயலிழந்தவர்களில் சிலருக்கு அந்தப் பக்கத்துப் பார்வையும் குறைந்திருக்கும் என்பதால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, இடப்பக்கச் சுவரில் அவர் கண்மட்டத்துக்கு மாட்டுங்கள்.

'அவ்வப்போது முடிந்ததை' அனுப்பும் வழக்கத்தையும் இத்தோடு நிறுத்திவிடுங்கள். வீட்டு வாடகை, மருந்து, இயன்முறைச் சிகிச்சை, உடனிருக்கும் பெண்ணுக்கு மரியாதையான ஊதியம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அது அத்தையின் வங்கிக் கணக்கில் சேரும்படி வங்கியில் நிலையான ஏற்பாடு செய்துவிட்டு, அதன் பிறகு தூரிகையை எடுங்கள்.