ஷெல்டி மோட்டாரைத் துரத்துகிறது, உண்ணிக்கு ஆட்டு ஊசி போடலாமா?

பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து (பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா, நம் ஆட்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான்) ஓர் அம்மா எழுதியிருக்கிறார். கோலாலம்பூருக்கு வேலை மாறிப்போன மகன் விட்டுச்சென்ற ஷெல்டி (ஷெட்லண்ட் மேய்ப்பு நாய்), பெயர் சிம்பா, ஒன்றரை வயது, 9 கிலோ. காலையில் செம்பனைப் பழம் வெட்டப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிளைக் குரைத்துக்கொண்டே துரத்துகிறது, தமிழ்ப்பள்ளி விட்டு வரும் பேரப்பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றி ஓடிக் குதிகாலைக் கவ்வுகிறது, உடம்பெல்லாம் உண்ணி. ஆட்டுக்கொட்டகை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர், ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து ஊசியைக் கொஞ்சமாகப் போட்டுவிடலாம், முடியையும் மழித்துவிடலாம் என்கிறாராம். வீட்டுக்காரரோ சங்கிலியில் கட்டு என்கிறார்.

அம்மா, முதலில் அந்த ஊசி. போடவே போடாதீர்கள். கோலி, ஷெல்டி போன்ற மேய்ப்பு நாய்களில் சிலவற்றுக்கு எம்டிஆர்1 என்ற மரபணுவில் ஒரு குறை பிறவியிலேயே இருக்கும், அது 2001-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மற்ற நாய்களின் மூளைக்குள் நுழையப் பார்க்கும் சில மருந்துகளை வெளியே தள்ளிவிட ஒரு புரதம் இருக்கிறது, இந்தக் குறை உள்ள நாய்க்கு அது வேலை செய்யாது, மருந்து நேராக மூளைக்குப் போய்விடும். கொட்டகை ஊசி மருந்து பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம். இதயப்புழு வராமலிருக்க மாதம் ஒருமுறை நாய்க்குக் கொடுக்கும் அளவு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான், அது இந்த நாய்களுக்கும் ஆபத்தில்லை. பக்கத்து வீட்டுக்காரர் 'கொஞ்சமாக' என்று 0.1 மில்லி போட்டாலே சிம்பாவின் உடம்பில் கிலோவுக்கு 110 மைக்ரோகிராமுக்கு மேல் ஏறிவிடும், குறை உள்ள நாய் தள்ளாடவும் எச்சில் வடிக்கவும் கண் தெரியாமல் போகவும் அதுவே போதும். முறிவு மருந்து கிடையாது. ஒருவேளை ஏற்கெனவே போட்டிருந்தால் இதைப் படிப்பதை விட்டுவிட்டு கிளினிக்குக்குக் கிளம்புங்கள். நமக்கு வயிற்றுப்போக்கு என்றால் கடையில் வாங்கும் லோபெரமைட் மாத்திரையும் இதே கதைதான், நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

அதோடு உண்ணிக்கு ஐவர்மெக்டின் சரியான மருந்தும் இல்லை. உண்ணிக்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன, எடை பார்த்து மருத்துவர் தருவார், வலிப்பு வந்த நாய் என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். ஈறு வெளுத்து, சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே இரத்தம் சோதிக்க வேண்டும்.

சரி, துரத்தல். சிம்பாவுக்குத் திமிர் என்று நினைக்காதீர்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லண்ட் தீவுகளில், ஆடுகளைப் பயிர் நிலத்துக்குள் விடாமல் குரைத்தும் சுற்றி ஓடியும் விரட்டியவை இதன் முன்னோர்கள். ஓடுகிற எதையும் மடக்க வேண்டும் என்பது அதன் இரத்தத்தில் இருக்கிறது, உங்கள் வீதியில் ஓடுவது மோட்டாரும் பிள்ளைகளும்தான். சங்கிலியில் கட்டினால் அந்த வேகம் முழுக்கக் குரைப்பாக மாறும், அக்கம்பக்கத்தாரோடு சண்டைதான் மிஞ்சும்.

பெரட்டு (காலையில் ஆள் கூட்டி வேலை பிரிப்பது) முடிந்து மோட்டார்கள் புறப்படும் அந்த அரைமணி நேரம் சிம்பா பின்கட்டில் இருக்கட்டும், காலைச் சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல் தரையில் சிதறவிட்டுத் தேடித் தின்ன விடுங்கள். பயிற்சியை வேறு நேரத்தில், ரோட்டிலிருந்து தள்ளி நின்று, வாரைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டதும், அது பாய்வதற்கு முன்பே, பெயர் சொல்லி ஒரு துண்டு அவித்த கோழி. பாய்ந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. 5 நிமிடம் போதும், நாள் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டுப் பக்கம் நெருங்கலாம். அடிக்காதீர்கள், ஷெல்டி மிகவும் கூச்ச சுபாவம், அடி வாங்கினால் உங்களைக் கண்டே ஒதுங்கும். பேரப்பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: சிம்பா சுற்ற ஆரம்பித்தால் ஓடாமல், கத்தாமல் அப்படியே நில்லுங்கள். நிற்கும் ஆட்டை விரட்ட அதற்கு ஒன்றுமில்லை. அப்புறம் அதற்கு வேலை கொடுங்கள். செருப்பை ஒளித்துவைத்துத் தேடச் சொல்வது, பொம்மையை எடுத்து வரச் சொல்வது, எதுவானாலும் சரி. இவ்வளவு புத்தியுள்ள நாயைச் சும்மா வைத்திருப்பது பாவம்.

நடக்கக் கூட்டிப்போவது காலை 7 மணிக்கு முன்பும் வெயில் தாழ்ந்த பிறகும். செம்பனைக்குள் அவிழ்த்துவிடாதீர்கள், எலிக்கு வைக்கும் விஷக்கட்டியைத் தின்றால் உடனே ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் இரத்தக்கசிவு தொடங்கும். தின்றதைப் பார்த்துவிட்டால் விஷத்தின் அட்டைப்பெட்டியோடு கிளினிக்குக்கு ஓடுங்கள், முறிவு மருந்தாக வைட்டமின் கே1 இருக்கிறது.

முடியை மழிக்க வேண்டாம். மேல்முடி வெயில் தோலில் படாமல் தடுக்கிறது, மழித்தால் பழையபடி வளராமலும் போகலாம். வாரம் இரண்டு தடவை அடிமுடியை ஆழமாகச் சீவி எடுங்கள், காதுக்குப் பின்னால் சிக்கு விழும், அங்கேதான் உண்ணியும் ஒளியும். மழையில் நனைந்தால் அடிவரை காயவையுங்கள். மத்தியானத்தில் சிமெண்டுத் தரையும் காற்றாடியும் போதும்.

கிளினிக்குக்குப் போகும்போது கதவுக்குள் நுழைந்ததும் "இது ஷெல்டி, எம்டிஆர்1 சோதிக்கவில்லை" என்று சொல்லிவிடுங்கள். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி எடுத்து அனுப்பும் சோதனைதான், வலிக்காது. முடிவு வரும்வரை சிம்பாவுக்கு அந்தக் குறை உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டுக்கொட்டகைக்காரரிடமும் சொல்லிவையுங்கள்.