வென்டிலேட்டர் கேட்ட கேள்வி

அன்புள்ள ஐயா,

கல்லூரி மாணவர்களிடம் நீங்கள் பேசிய உரையின் காணொளியைப் பார்த்தேன். "எந்தத் துறையில் ஆழமாகப் போனாலும் தத்துவத்தில் போய் முட்டுவீர்கள்" என்று சொன்னீர்கள். நான் இயற்பியல் முதுகலை படிக்கிறேன். இதுவரை எதிலும் முட்டவில்லை. கணக்குப் போடுகிறோம், சோதனை செய்கிறோம், விடை வருகிறது. வரலாற்றைப் பார்த்தாலும், ஒவ்வொரு துறையும் தத்துவத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் வளர்ந்திருக்கிறது. ஸ்டீபன் ஹாக்கிங் 2010-இல் வெளியான நூலில் தத்துவம் செத்துவிட்டது என்றே எழுதினார். தத்துவவாதிகள் மற்ற துறைகளைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். அந்தத் துறைக்காரர்களுக்கு அவர்கள் தேவைப்படுவதாகத் தெரியவில்லை.

'எல்லா அறிவியல்களுக்கும் தத்துவமே தாய்' என்ற பதில் வேண்டாம், அதை நிறையக் கேட்டாயிற்று. தத்துவம் இன்னொரு துறைக்குள் இறங்கி வேலை செய்ததற்கு ஒரே ஒரு உதாரணம் சொல்லுங்கள். அப்புறம், என்னைப் போன்ற ஒருவன் தத்துவம் படிக்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?

செ.
திருச்சி

அன்புள்ள செ.,

தாய்ப் பதிலை நானும் சொல்லப்போவதில்லை. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய் எத்தனையோ தலைமுறை ஆன பிறகும் 'எல்லாம் நான் பெற்றதுகள்' என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிவதில் பெருமை ஒன்றும் இல்லை. ஹாக்கிங் விஷயத்தில், அதே நூலில் அவரே ஒரு தத்துவ நிலைப்பாட்டை முன்வைக்கிறார் என்று மடக்குவது வழக்கம். உண்மைதான், ஆனால் அது பட்டிமன்றத்துக்கு உதவும் வெற்றி. விட்டுவிடுவோம்.

நீங்கள் இன்னும் முட்டவில்லை என்பதில் ஆச்சரியமும் இல்லை. எதை அளக்க வேண்டும் என்பதில் ஒரு துறைக்குச் சந்தேகம் வராதவரை அங்கே தத்துவத்துக்கு வேலை கிடையாது. அப்போது தத்துவம் உள்ளே வந்தால் இடைஞ்சல்தான்.

உதாரணத்தை உங்கள் துறையிலிருந்து எடுக்கவில்லை. ஐன்ஸ்டைன் இளமையில் ஹ்யூம், மாக் என்ற தத்துவச் சிந்தனையாளர்களைப் படித்தார் என்று நான் ஆரம்பித்தால், அது வெறும் தூண்டுதல் என்று நீங்கள் நியாயமாகவே தள்ளிவிடலாம். மருத்துவத்துக்குப் போவோம். ஒருவர் எப்போது இறந்துபோகிறார்?

இருபதாம் நூற்றாண்டின் பாதிவரை மருத்துவர்களுக்கு இதில் பெரிய குழப்பம் இல்லை. மூச்சு நின்றால் சில நிமிடங்களில் இதயமும் மூளையும் போய்விடும். இதயம் நின்றாலும் அதே கதை. மூளை முற்றாகச் சிதைந்தால் மூச்சு நிற்கும். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகவே போனதால் எதைச் சோதித்தாலும் விடை ஒன்றுதான். இவற்றில் எது போவது சாவு என்று யாரும் கேட்கத் தேவை இருக்கவில்லை.

1952-இல் கோபன்ஹேகனில் பெரிய போலியோ பரவல். மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, கையால் பையை அமுக்கிக் காற்றைச் செலுத்தலாம் என்று பியோன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் காட்டினார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் அமுக்கினார்கள். கை செய்த வேலையை வென்டிலேட்டர் எடுத்துக்கொண்டது, ஐசியூக்கள் வந்தன. எத்தனையோ பேர் பிழைத்தார்கள். கூடவே அதுவரை உலகம் காணாத ஒரு நிலையும் பிறந்தது. 1959-இல் மொல்லாரே, குலோன் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் அதை விவரித்தார்கள். மூளை எதற்கும் அசைவதில்லை, தானாக மூச்சு இல்லை. ஆனால் இயந்திரம் காற்று தருவதால் இதயம் துடிக்கிறது, உடல் சூடாக இருக்கிறது.

கட்டிலில் கிடப்பவர் நோயாளியா, சடலமா? இதற்கு எந்தக் கருவியும் விடை சொல்லாது. இதயத் துடிப்பைக் கருவி காட்டும், மூளையின் மின்னலைகளைக் காட்டும். இவற்றில் எது நின்றால் மனிதர் இல்லை என்று அது எப்படிக் காட்டும்? கேள்வியைக் கொண்டுவந்தவர் எந்தத் தத்துவப் பேராசிரியரும் இல்லை, ஓர் இயந்திரம் என்பதைக் கவனியுங்கள். 1957-இல் ஆஸ்திரிய மயக்கவியல் மருத்துவர் ஒருவர் போப் பன்னிரண்டாம் பயஸிடமே இதைக் கேட்டார். சாவின் கணத்தை வரையறுப்பது மருத்துவர்களின் வேலை என்று போப் ஒதுங்கிக்கொண்டார். போப்பே ஒதுங்கினால் மருத்துவர் யாரிடம் போவார்?

1967 டிசம்பரில் கேப்டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தார். 1968 ஆகஸ்டில், சாவின் அளவுகோலை ஆராய அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அமைத்த குழுவின் அறிக்கை வந்தது. தலைவர் ஹென்றி பீச்சர் என்ற மயக்கவியல் மருத்துவர். குழுவில் மருத்துவர்களோடு ஒரு சட்டப் பேராசிரியரும் ஒரு வரலாற்றாசிரியரும் ஓர் இறையியல் அறிஞரும் இருந்தார்கள். மீளாத கோமாவைச் சாவின் புதிய அளவுகோலாகக் கொள்ளலாம் என்றது அறிக்கை. சொன்ன காரணங்கள் இரண்டு. இந்த நிலையில் கிடப்பவர்களால் குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் பெரும் சுமை. பழைய அளவுகோலை வைத்துக்கொண்டால் மாற்று அறுவைக்கு உறுப்பு பெறுவதில் சர்ச்சை வரும்.

இரண்டும் நல்ல காரணங்கள்தான். எதற்கு? சிகிச்சையை நிறுத்தலாமா என்பதற்கு முதலாவது காரணம் ஆகலாம். விதியை மாற்றினால் வசதியா என்பதற்கு இரண்டாவது காரணம் ஆகலாம். கிடப்பவர் இறந்துவிட்டாரா என்பதற்கு இரண்டுமே காரணம் இல்லை. படுக்கை தேவைப்படுகிறது என்பதால் யாரும் சடலம் ஆகிவிட முடியாது.

இந்த ஓட்டையில் கை வைத்தவர் ஹான்ஸ் யோனாஸ், ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் பாடம் நடத்திய தத்துவவாதி. அவர் இரண்டு கேள்விகளைப் பிரித்தார். இவரை இயந்திரத்தால் நீட்டித்து வைப்பதை நிறுத்தலாமா? தாராளமாக நிறுத்தலாம், அதற்கு அவர் இறந்துவிட்டார் என்று அறிவிக்கத் தேவையே இல்லை. இவர் இறந்துவிட்டாரா? உயிருக்கும் சாவுக்கும் இடையிலான கோடு சரியாக எங்கே என்று நமக்குத் தெரியாது. தெரியாதபோது உயிரின் பக்கம் சாய்வதே முறை. ஆகவே இயந்திரத்தை நிறுத்துங்கள், ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே உடலைத் திறந்து உறுப்பை எடுக்காதீர்கள் என்றார்.

சட்டத்தில் யோனாஸ் தோற்றார். அவர் சொன்னபடி செய்திருந்தால் இன்று இதயம் மாற்றிக்கொண்டு நடமாடும் பலர் இருந்திருக்க மாட்டார்கள், ஆகவே அவர் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர் காட்டிய ஓட்டையை அடைக்காமல் மேலே போக முடியவில்லை. 1981-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பெர்னாட் என்ற நரம்பியல் மருத்துவர், கல்வர் என்ற மனநல மருத்துவர், கெர்ட் என்ற தத்துவவாதி மூவரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். நீங்கள் கேட்ட உதாரணம் இதுதான். சாவு பற்றிய பேச்சில் மூன்று படிகள் கலந்து கிடப்பதாக அவர்கள் காட்டினார்கள். முதல் படி, சாவு என்றால் என்ன: உயிரி ஒரு முழுமையாக இயங்குவது நிரந்தரமாக நின்றுபோவது. இரண்டாவது, உடலில் எது நடந்தால் அது நடந்ததாகக் கொள்ளலாம்: முழு மூளையும் செயலிழப்பது. மூன்றாவது, அது நடந்துவிட்டது என்று கட்டிலருகில் எப்படி உறுதி செய்வது: கண்மணியில் ஒளி அடித்தால், காதில் குளிர்நீர் விட்டால் கண் அசைகிறதா, இயந்திரத்தை விலக்கினால் மூச்சு வருகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது முழுக்க மருத்துவரின் வேலை. முதலாவது முழுக்கத் தத்துவம். இரண்டாவதை இருவரும் சேர்ந்துதான் செய்ய முடியும். அதே ஆண்டு அமெரிக்க அதிபர் நியமித்த ஆணையமும் இதையொட்டி, உடலின் உறுப்புகளை ஒரே உயிரியாக ஒருங்கிணைப்பது மூளை, ஆகவே மூளை போனால் உயிரி போய்விட்டது என்று வாதிட்டது. மாநிலங்களின் சட்டங்கள் அதைப் பின்பற்றின.

தத்துவம் வந்தது, தீர்த்தது, போனது என்று இங்கேயே நிறுத்தினால் உங்களை ஏமாற்றியதாகும். எனக்கு அதிகம் பிடித்த பகுதி இனிமேல்தான். மூளைதான் உடலை ஒருங்கிணைக்கிறது என்பது தத்துவ வாதத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஓர் உடலியல் கூற்று. அதைச் சோதிக்கலாம். ஆலன் ஷ்யூமன் என்ற குழந்தை நரம்பியல் மருத்துவர் மூளை போனாலே சாவு என்ற இந்த மூளைச்சாவுக் கருத்தை முதலில் ஆதரித்தவர். 1998-இல் அவர், மூளைச்சாவுக்குப் பிறகும் குறைந்தது ஒரு வாரம் உடல் இயங்கிய சுமார் 175 பேரைத் தொகுத்து வெளியிட்டார். சில உடல்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இயங்கியிருந்தன. காயம் ஆறியது, கிருமியோடு போராடியது, குழந்தை உடல் வளர்ந்தது. கருவுற்ற பெண்களின் உடல் கருவைச் சுமந்து குழந்தை பிறந்ததும் உண்டு. இது ஒருங்கிணைப்பு இல்லையென்றால் வேறு எது?

வாதம் அசைந்தது. 2008-இல் அமெரிக்க அதிபருக்கு மருத்துவ அறக்கேள்விகளில் ஆலோசனை சொல்லும் உயிர்நெறிக் குழு, பழைய காரணம் நிற்காது என்பதைப் பெரிய அளவில் ஒப்புக்கொண்டு புதிய காரணம் தேடியது. உயிரி என்பது வெளியுலகோடு தானாகவே கொடுக்கல் வாங்கல் நடத்துவது, மூச்சுக்கான உந்துதலும் விழிப்பும் அதன் அடையாளங்கள், இரண்டும் மீளாமல் போனால் உயிரி இல்லை என்றது. குழுவிலேயே எல்லோரும் இதை ஏற்கவில்லை. அமெரிக்கச் சட்டத்தைத் திருத்தும் முயற்சி ஒருமித்த கருத்து வராமல் 2023-இல் நிறுத்திவைக்கப்பட்டது. இதற்கிடையே கலிபோர்னியாவில் 2013-இல் மூளைச்சாவு என்று அறிவிக்கப்பட்ட ஒரு சிறுமியைக் குடும்பத்தார் நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோனார்கள். ஒருவரின் மதநம்பிக்கை மூளைச்சாவை ஏற்காவிட்டால் அந்த மாநிலச் சட்டமும் வற்புறுத்தாது. ஒரு மாநிலத்தில் இறந்தவள், இன்னொன்றில் 2018 வரை உயிரோடு இருந்தாள். அவளுக்கு இரண்டு இறப்புச் சான்றிதழ்கள்.

ஆக, போக்குவரத்து இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது. மருத்துவரின் அவசரத்தில் கலந்துபோன கேள்விகளைத் தத்துவவாதி பிரித்தார். தத்துவவாதியின் வாதத்தில் ஒளிந்திருந்த உடலியல் ஊகத்தை மருத்துவர் உடைத்தார். 'தத்துவத்தின் பயன்பாடு' என்று தலைப்பிட்டுப் பேசுபவர்கள் முதலாவதை மட்டும் சொல்வார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் மருத்துவமனையில் தோற்கக்கூடிய தத்துவம்தான் மருத்துவமனைக்குள் வந்த தத்துவம்.

நம்மூரையும் பார்த்துவிடுவோம். இந்தியாவில் 1994-இன் உறுப்பு மாற்றுச் சட்டம் முழு மூளையைக் கேட்காமல், பிரிட்டனைப் போல மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் அடிப்பகுதியான மூளைத்தண்டு செயலிழப்பதைக் கணக்கில் கொள்கிறது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்று தர வேண்டும். தமிழ்நாட்டில் இது மக்களிடம் போய்ச் சேர்ந்தது 2008 செப்டம்பரில். திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது பெற்றோர் அவன் உறுப்புகளைக் கொடுத்தார்கள். சென்னையில் போலீஸார் போக்குவரத்தை நிறுத்தி அந்த இதயத்துக்கு வழிவிட்டார்கள். 2023 முதல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கை அரசு மரியாதையோடு நடத்துகிறார்கள்.

இங்கே கேள்வியை யாரும் வாதாடித் தீர்க்கவில்லை. ஒரு குடும்பத்தின் பெருந்தன்மை அதை மூடிவைத்தது. நல்லதுதான். ஆனால் குடும்பம் தானத்துக்கு மறுக்கும்போது மூடி திறந்துகொள்கிறது. சட்டம் உறுப்பு மாற்றுக்காக எழுதப்பட்டது, தானம் இல்லையென்றால் வென்டிலேட்டரை எடுக்கலாமா என்று மருத்துவர்கள் தயங்குகிறார்கள். உறுப்பு கொடுத்தால் இறந்தவர், கொடுக்காவிட்டால் நோயாளி என்ற நிலை. ஜப்பான் 1997-இல் ஏறத்தாழ இதையே தெரிந்தே சட்டமாக்கியது, 2009-இல் அதைத் திருத்தியது. யோனாஸ் பிரித்துக் காட்டிய இரண்டு கேள்விகளும் நம் ஐசியூக்களில் இன்னும் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்கிற வேலையை இங்கே தத்துவத் துறைகள் செய்திருக்கலாம்.

சரி, எங்கே தொடங்குவது? தத்துவ வரலாற்று நூலைக் கையில் எடுக்காதீர்கள், ஐம்பதாவது பக்கத்தில் தூங்கிவிடுவீர்கள். உங்கள் துறையில் மேலே சொன்னது போன்ற ஓர் இடத்தைத் தேடுங்கள். குவாண்டம் இயக்கவியல் தரும் விவரிப்பு முழுமையானதா என்று 1935-இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் கேட்ட கட்டுரை நான்கே பக்கம். பல இயற்பியலாளர்கள் அதைத் தத்துவம் என்று ஒதுக்கிவைத்தார்கள். 1964-இல் ஜான் பெல் அதே கேள்வியைச் சோதனையில் பார்க்கக்கூடிய ஒரு சமனின்மையாக மாற்றினார். அந்தச் சோதனைகளுக்காக 2022-இல் ஆஸ்பெ, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உங்களுக்குத் தேவையான கணிதம் இருக்கிறது. முதலில் 1935 கட்டுரை, பிறகு அதற்கு நீல்ஸ் போர் (Bohr) என்ற இயற்பியலாளர் எழுதிய மறுப்பு, பிறகு பெல். போரின் மறுப்பு புரியவில்லை என்றால் கவலைப்படாதீர்கள், பெல்லுக்கே அது புரியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். படித்துவிட்டு எந்த வரியில் சிக்கினீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்