ஸ்கி ஜம்பிங் 2024-25: நீங்கள் கேட்டவை

போன வாரம் ‘ஸ்கி ஜம்பிங் (பனிச்சரிவில் சறுக்கி வந்து காற்றில் பறந்து தூரம் தாவும் விளையாட்டு) பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்’ என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, 2024-25 சீசனில் உலகக் கோப்பையை யார் ஜெயித்தார்கள்?

ஆண்களில் ஆஸ்திரியாவின் டேனியல் சோஃபெனிக். பெண்களில் ஸ்லோவேனியாவின் நிகா ப்ரெவ்ட்ஸ், தொடர்ந்து இரண்டாவது முறை. ஒவ்வொரு போட்டியிலும் முதலிடத்துக்கு 100 புள்ளி, அடுத்து 80, 60 என்று இறங்கி, 30-ஆம் இடத்துக்கு 1. மார்ச் கடைசியில் யார் கணக்கில் அதிகமோ அவருக்கே உலகக் கோப்பைப் பரிசான கண்ணாடிக் கோளம்.

அதிக தூரம் தாவியவர் ஏன் சில நேரம் தோற்கிறார்?

தூரம் கணக்கில் ஒரு பாதிதான். பெரிய குன்றில் (தாவும் சரிவைக் குன்று என்பார்கள்) இலக்குக் கோடு 120 மீட்டரில் என்று வையுங்கள். அதைத் தொட்டால் 60 புள்ளி, தாண்டும் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.8. ஆக, 130 மீட்டருக்கு 78. அப்புறம் ஐந்து நடுவர்கள் ஆளுக்கு 20-க்குள் மதிப்பெண் போடுவார்கள். அதிகமானதும் குறைவானதும் கழிந்து மூன்று மட்டும் சேரும். ஒரு காலை முன்வைத்து அழகாக இறங்காவிட்டால் இங்கேதான் அடி.

இதற்கு மேல் காற்றுக் கணக்கு. நம் உள்ளுணர்வுக்கு நேர்மாறாக, எதிர்க்காற்றுதான் இங்கே நண்பன்: அது உடலைத் தாங்கிப் பிடிக்கும். பின்காற்று அமுக்கிவிடும். அதனால் எதிர்க்காற்று கிடைத்தவருக்குப் புள்ளியைக் குறைத்து, பின்காற்றில் சிக்கியவருக்குக் கூட்டுவார்கள். 2009-இல் அறிமுகமான முறை இது. நியாயம்தான், ஆனால் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

நான்கு குன்றுகள் தொடர் அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம். ஓபர்ஸ்டார்ஃப், கார்மிஷ், இன்ஸ்ப்ரூக், பிஷோஃப்ஸ்ஹோஃபன் என்று ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் புத்தாண்டை ஒட்டி நான்கு போட்டிகள், எட்டு தாவல்களின் மொத்தம். 2025 ஜனவரி 6 அன்று கடைசித் தாவல் ஸ்டெஃபான் கிராஃப்டுடையது. அதுவரை அவர்தான் முன்னிலை. காற்று சரியில்லை என்று மேலே உட்கார வைத்துவிட்டார்கள். அந்தக் காத்திருப்பு அவரைக் கெடுத்தது என்பது என் எண்ணம். முடிவில் சோஃபெனிக் முதலிடம், 1.4 புள்ளி பின்னால் யான் ஹோர்ல், 4.1 பின்னால் கிராஃப்ட். மூவரும் ஆஸ்திரியர்கள்.

நார்வேக்காரர்கள் உடையில் என்ன திருட்டு வேலை செய்தார்கள்?

2025 மார்ச்சில் ட்ரொன்ஹைமில் உலக சாம்பியன்ஷிப், அதாவது அவர்கள் சொந்த மண்ணில். உடையின் தையலில் விதிக்குப் புறம்பான விறைப்பான நூலை வைத்துத் தைத்திருந்தார்கள். கால்களுக்கு நடுவே துணி விறைத்து நின்றால் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். யாரோ மறைவிலிருந்து எடுத்த வீடியோ வெளியே வந்தது. பிற அணிகள் எதிர்ப்பு தெரிவிக்க, தையலைப் பிரித்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பெரிய குன்றில் இரண்டாமிடம் வந்த மாரியுஸ் லிண்ட்விக் வெள்ளியை இழந்தார். யோஹன் ஆந்த்ரே ஃபோர்ஃபாங்கும் தகுதி நீக்கம். தங்களுக்குத் தெரியாது என்றார்கள் இருவரும். தங்கம் ஸ்லோவேனியாவின் டோமன் ப்ரெவ்ட்ஸுக்கு.

டோமனும் நிகாவும் உறவா?

அண்ணன் தங்கை! மூத்த அண்ணன் பீட்டர் 2015-16-இல் உலகக் கோப்பை வென்றவர். ட்ரொன்ஹைமில் நிகா இரண்டு தனிநபர் தங்கமும் எடுத்தார். அதே மார்ச் 14 அன்று, நார்வேயின் மிகப் பெரிய குன்றான விகர்சுண்டில் 236 மீட்டர், பெண்கள் உலக சாதனை. மார்ச் 30 அன்று ஸ்லோவேனியாவின் மிகப் பெரிய குன்றான பிளானிட்சாவில் அண்ணன் டோமன் 254.5 மீட்டர், ஆண்கள் சாதனை. ஒரே வீட்டில் இரண்டும், பதினாறு நாள் இடைவெளியில்.

பெண்கள் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தார்கள்?

தாமதமாக வரவில்லை, விடவில்லை. மருத்துவ ரீதியாகப் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சர்வதேச ஸ்கி கூட்டமைப்பின் தலைவரே 2005-இல் பேசினார். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் இடம் கேட்டு வீராங்கனைகள் கனடா நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். பெண்கள் உலகக் கோப்பை 2011 டிசம்பரில்தான் தொடங்கியது, ஒலிம்பிக் 2014-இல்.

ஜப்பானின் ரியோயு கோபயாஷி 291 மீட்டர் தாவினாரே, அது சாதனை இல்லையா?

2024 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் அக்குரேரியில், அதற்கென்றே உருவாக்கிய சரிவில் தாவியது. போட்டி அல்ல, அங்கீகாரமும் இல்லை. ஆனாலும் வீடியோவைப் பாருங்கள். இறங்கவே மாட்டார் போலிருக்கும்.