தங்கையின் ஆர்டருக்குத் தேதி கிடையாதா?

கேள்வி: கோவில்பட்டியில் பன்னிரண்டு வருடமாகக் கல்யாண போட்டோகிராபராக இருக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேனான் 6டி மார்க் 2 பாடி, 24-105 எஃப்4 லென்ஸ், ஒரு 50 எஃப்1.8. ரிசப்ஷனில் வெளிச்சம் போதாமல், ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றினால் படத்தில் புள்ளி புள்ளியாகக் கிரெய்ன் வருகிறது. எங்கள் பக்கம் எல்லோரும் உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை கேமராவான மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். பார்ட்டிகளே "என்ன கேமரா வச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். கேனானின் மிரர்லெஸ் ஆர்6 மார்க் 2 பாடி தீபாவளி ஆஃபரில் வருகிறது. நொடிக்கு 40 படம் எடுக்குமாம். மாதம் பத்தாயிரம் தவணை, இரண்டு வருடம். அடுத்த மாதக் கடைசியில் தங்கைக்கு வளைகாப்பு, அதைப் புது கேமராவில் எடுக்க ஆசை. (அவள் கல்யாண ஆல்பமே 14 மாதமாக ஹார்ட் டிஸ்க்கில் தூங்குகிறது, அது வீட்டு வேலைதானே.) மனைவி வேண்டாம் என்கிறாள். வாங்கலாமா?
– பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பதில்: தம்பி, கேமராவுக்குப் பிறகு வருகிறேன். அடைப்புக்குறிக்குள் ஒரு வரியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசுவோம்.

பதினான்கு மாதம் என்றால் போன ஆவணியில் நடந்த கல்யாணம். அந்தப் பெண் தலைதீபாவளி கொண்டாடிவிட்டாள், தலைப்பொங்கல் வைத்துவிட்டாள், ஆடிக்கு வந்து போய்விட்டாள், இப்போது வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. கல்யாண ஆல்பம் மட்டும் இன்னும் வரவில்லை. புகுந்த வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என்ன செய்வார்கள்? காபியைக் கொடுத்துவிட்டு ஆல்பத்தை எடுத்து மடியில் வைப்பார்கள். உங்கள் தங்கை எதை எடுத்து வைப்பாள்? யாரோ போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய நாலு படத்தைத்தான் காட்டிக்கொண்டிருப்பாள். அவள் மாமியார், "உங்க அண்ணன்தான் போட்டோகிராபர் ஆச்சே, ஆல்பம் எப்ப வரும்?" என்று ஒரு தடவையாவது கேட்காமல் இருந்திருக்க மாட்டார். "அண்ணனுக்கு முகூர்த்த சீசன், வேலை ஜாஸ்தி" என்று அவள் உங்களைக் காப்பாற்றியிருப்பாள். நான் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை, ஆனால் இப்படித்தான் நடந்திருக்கும் என்று அடித்துச் சொல்வேன்.

பீரோ வாங்கிக் கொடுத்திருப்பீர்கள், பாத்திரம் அடுக்கியிருப்பீர்கள். போட்டோகிராபர் அண்ணன் வைக்க வேண்டிய சீரில் ஆல்பமும் ஒன்று. வேறு யாரும் அதைக் கொடுக்க முடியாது என்பதால் அதுதான் பெரிய சீர் என்றுகூடச் சொல்வேன்.

காசு கொடுக்கிற பார்ட்டி போன் போட்டுச் சத்தம் போடுவார், அவருக்கு ஆல்பம் போய்ச் சேரும். தங்கை சத்தம் போட மாட்டாள், அதனால் கடைசி வரிசை. வீட்டு ஆள் என்றால் முதலில் செய்து கொடுக்க வேண்டும் என்ற ஊரில்தான் நானும் வளர்ந்தேன். எப்போது இது தலைகீழானது என்று தெரியவில்லை. தையல்காரர் மனைவியின் ரவிக்கை தீபாவளி கழித்துத்தான் தைக்கப்படும், எலக்ட்ரீசியன் வீட்டில் சுவிட்ச் பெட்டி தொங்கும், கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் "வீடுதானே" என்பார்கள். இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. அதனால் உங்களைத் தட்டிக் கொடுக்க இன்று எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். தங்கை ஆல்பம் மட்டும்தான் பாக்கியா? பன்னிரண்டு வருடம் தொழில் செய்கிறவருக்கு அது ஒன்று மட்டும் தேங்கியிருக்காது. அலமாரியில் இன்னும் சில கல்யாணங்கள் தூங்கும். உங்கள் தொழிலில் பணம் எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? புக் பண்ணும்போது அட்வான்ஸ், கல்யாணத்தன்று கொஞ்சம், மீதி ஆல்பம் கையில் கொடுக்கும்போது. கொடுக்காத ஒவ்வொரு ஆல்பத்துக்குள்ளும் உங்கள் பணம் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. அதை எடுக்காமல் கடன் கொடுப்பவரிடம் போய் மாதம் பத்தாயிரத்துக்குக் கையெழுத்துப் போடப் பார்க்கிறீர்கள். பாக்கி நிற்பவர்களின் பெயரையும் வர வேண்டிய தொகையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கேமராவின் முன்பணம் அந்தத் தாளிலேயே இருக்கலாம்.

சரி, இப்போது கேமரா.

நொடிக்கு 40 படம் என்பதில் மயங்கியிருக்கிறீர்கள். அந்த 40 எலக்ட்ரானிக் ஷட்டரில் மட்டும்தான் கிடைக்கும். அந்த ஷட்டரில் வைத்தால் ஆர்6 மார்க் 2இல் ஃப்ளாஷ் அடிக்காது. எல்இடி லைட்டும் எல்இடி திரையும் வைத்த மேடையில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழவும் வாய்ப்பு உண்டு. இன்றைக்கு எந்த மண்டபத்தில் எல்இடி இல்லை? மெக்கானிக்கல் ஷட்டரில் நொடிக்கு 12 படம். உங்கள் 6டி மார்க் 2 ஆறரை எடுக்கும். மூன்று முடிச்சுப் போடும் நேரத்துக்கு ஆறரை போதாதா? சரி, 40 எடுத்தீர்கள் என்றே வையுங்கள். திருத்தாத மூலப் படமான ரா கோப்பு ஒன்று 25 எம்பி என்றால் ஒரே நொடியில் ஒரு ஜிபி ஆயிற்று. இப்போது எடுத்த படங்களையே 14 மாதமாகப் பிரித்துப் பார்க்க நேரம் இல்லாதவர், அதைப்போல் ஆறு மடங்கைக் கொண்டுவந்து எங்கே கொட்டப் போகிறீர்கள்?

கிரெய்ன் விஷயத்துக்கு வருகிறேன். 2017இல் வந்த உங்கள் பாடிக்கும் 2022இல் வந்த ஆர்6 மார்க் 2க்கும் ஐஎஸ்ஓ 6400இல் வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தவணை கட்டிக் கொண்டாடும் அளவுக்கு இல்லை. பையில் 50 எஃப்1.8 இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரிசப்ஷனில் அதை எடுத்து மாட்டினீர்களா? எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சத்தை அதிகம் வாங்கும். எஃப்4இல் 6400 கேட்கும் அதே வெளிச்சம் எஃப்2.8இல் 3200தான் கேட்கும். 1.8 வரை திறந்தால் 1250க்குப் பக்கத்தில் வந்துவிடும். பெண்ணும் மாப்பிள்ளையும் முன்னே பின்னே நின்றால் 1.8இல் ஒருவர் முகம் மங்கிவிடும், அதனால் ஜோடிக்கு 2.8, தனியாக நிற்கும்போது 1.8. அதற்கு மேல், லைட்மேன் கையில் ஒரு ஃப்ளாஷைக் கொடுத்துப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். பாடி மாற்றாமலே பாதிக் கிரெய்ன் போகும்.

மிரர்லெஸ்ஸில் உங்களுக்கு உண்மையிலேயே உதவுகிற விஷயங்களும் இருக்கின்றன. உங்கள் பாடியில் உள்ள 45 ஃபோகஸ் புள்ளிகளும் நடுவிலேயே கும்பலாக இருக்கும், ஓரத்தில் நிற்கிற முகத்துக்கு ஃபோகஸ் பிடித்துவிட்டு ஃபிரேமை நகர்த்த வேண்டும். புதியது ஃபிரேமில் எங்கே போனாலும் கண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஊர்வலத்திலும் மாலை மாற்றும்போதும் அது பெரிய வரம். உங்களுடையதில் 4கே வீடியோ கிடையாது, அதில் இருக்கிறது. கேனானும் 2020க்குப் பிறகு தொழில்முறைக்கென்று உங்களுடையதைப் போலக் கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் எதையும் புதிதாகக் கொண்டுவரவில்லை. ஆக, என்றைக்காவது மாறத்தான் வேண்டும்.

ஆனால் மாறுவதற்கான முதல் காரணத்தை நீங்கள் எழுதவே இல்லை. அதுதான் எனக்குக் கோபம். உங்கள் 6டி மார்க் 2இல் கார்டு போட ஒரே ஒரு இடம்தான். ஆர்6 மார்க் 2இல் இரண்டு கார்டு போடலாம், ஒரே படம் இரண்டிலும் பதிவாகும். கார்டு கெட்டுப்போனால் அடுத்தவர் வீட்டுக் கல்யாணமே போயிற்று. "மறுபடியும் ஒரு தடவை தாலி கட்டுங்க" என்று கேட்க முடியுமா? போதாக்குறைக்கு இருப்பது ஒரே பாடி. முகூர்த்த நேரத்தில் அது நின்றுவிட்டால் யாரிடம் ஓடுவீர்கள்? கல்யாண வேலைக்கு இரண்டு கார்டு, இரண்டு பாடி என்பது ஆடம்பரமே இல்லை. பன்னிரண்டு வருடமாக இந்தப் பயம் உங்களுக்கு வரவில்லை, வேகத்தின் மேல் மட்டும் ஆசை வந்திருக்கிறது. 14 மாதத்து அலட்சியம் எங்கிருந்து வருகிறது என்று இதிலேயே தெரிகிறது. படம் எடுக்கும் வரைதான் உங்களுக்கு ருசி. அதைப் பத்திரமாக வைத்து, பிரித்து, டிசைன் போட்டு, பிரிண்டுக்கு அனுப்பி, கொண்டுபோய்ச் சேர்ப்பதில் கை போகவில்லை.

அந்த ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் இருக்கிறதா? கடிதத்தில் "ஹார்ட் டிஸ்க்" என்று ஒருமையில்தான் இருக்கிறது. இல்லை என்றால் இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு இன்றைக்கே இன்னொன்று வாங்கி நகல் எடுங்கள். வெளியே உறை கிழியாமல் இருந்தாலும் உள்ளே எப்போது சாகும் என்று எந்த டிஸ்க்கும் சொல்லிவிட்டுச் சாகாது. நகலை ஸ்டுடியோவில் வைக்காதீர்கள், வீட்டில் வையுங்கள்.

தவணைக் கணக்கையும் பார்த்துவிடலாம். இரண்டு வருடத்தில் இரண்டு மார்கழி, இரண்டு ஆடி, இரண்டு புரட்டாசி வரும். மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும் இந்த ஆறு மாதத்திலும் பத்தாயிரம் பத்தாயிரமாக அறுபதாயிரத்தை எங்கிருந்து எடுப்பீர்கள்? மனைவி வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் எழுதவில்லை. நீங்கள் கேட்கவும் இல்லை போலிருக்கிறது. மளிகைக் கடைக்காரருக்கு ஆடி மாதத்தில் பதில் சொல்கிறவர் அவர்தான். ஆல்பம் எங்கே என்று நாத்தனார் கூச்சப்பட்டுக்கொண்டு விசாரித்திருந்தால் அந்த போனும் அவருக்குத்தான் வந்திருக்கும். அவரை உட்காரவைத்துக் கேளுங்கள்.

"என்ன கேமரா?" என்று கேட்கும் பார்ட்டிகள் அடுத்ததாக "ஆல்பம் எத்தனை நாளில் வரும்?" என்றும் கேட்பார்கள். அதற்கு நீங்கள் சொல்லும் பதில் ஊருக்குள் எப்படிப் பேசப்படுகிறது என்று கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளி ஆஃபர் போகட்டும், பொங்கலுக்கு இன்னொன்று வரும். வளைகாப்புக்கு ஐந்து வாரம் இருக்கிறது. இன்று இரவே தங்கைக்கு போன் போட்டு, சாக்குச் சொல்லாமல் "தப்பு என்மேல்தான்" என்று சொல்லுங்கள். இந்த வாரமே படங்களைச் சின்ன அளவில் அனுப்பி அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். டிசைன் போட உங்களுக்கு நேரமில்லை என்றால் வெளியே கொடுங்கள், காசு உங்கள் பையிலிருந்து போகட்டும். மற்ற பார்ட்டிகளுக்கு எந்தத் தாளில் போடுகிறீர்களோ அதைவிட ஒரு படி உயர்ந்த தாள். மாமியார் வீட்டுக்கு ஒரு சின்ன ஆல்பம் தனியாக. மார்கழி முழுக்க வேலை இருக்காது, அப்போது மற்றவர்களின் பாக்கியை முடித்து மீதிப் பணத்தை வாங்குங்கள். தை பிறந்ததும், கையில் பாதி விலையாவது சேர்ந்திருந்தால், மனைவியும் சரி என்றால், ஆர்6 மார்க் 2 வாங்குங்கள். பழைய பாடியை விற்க வேண்டாம், அது இரண்டாவது பாடியாக இருக்கட்டும். புது லென்ஸ் எதுவும் இப்போது வேண்டாம், பழைய லென்ஸைப் புது பாடியில் மாட்ட உதவும் அடாப்டர் போட்டால் உங்கள் லென்ஸ் இரண்டும் அதில் வேலை செய்யும், பழைய பேட்டரிகளும் ஆகும். அதுவரை பெரிய ஆர்டர் வந்தால் இரண்டு கார்டு போடும் பாடி ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

வளைகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதை நீங்கள் எடுக்காதீர்கள். தங்கை கல்யாணத்தில் மச்சானாக நின்று மாப்பிள்ளைக்கு மாலை போட்டது நீங்கள்தானா, அல்லது கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்ததால் சித்தப்பா மகனைப் போடச் சொன்னீர்களா? எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. ஆல்பத்தைப் பிரிக்கும்போது உங்களுக்கே தெரியும், எத்தனை படத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று. பிறக்கப்போகிற பிள்ளைக்கு நீங்கள் தாய்மாமன். வளைகாப்பன்று வேட்டி கட்டிக்கொண்டு, ஆல்பத்தைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, மனைவியோடு காலையிலேயே போய்விடுங்கள். படம் எடுக்கத் தொழிலில் உள்ள ஒரு நண்பரைக் கூப்பிடுங்கள், அவருக்கு முழுக் கூலியையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். ஆல்பம் எந்தத் தேதியில் வரும் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளவும் மறக்காதீர்கள்.