பரணில் கிடக்கும் ரீல்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

இத்தாலியில் போலோனியா நகரத்தில் பழைய படங்களைப் புதுப்பித்துத் திரையிடும் விழாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒன்று கேட்கலாமா? நம் ஊரிலும் 2012-ல் ‘கர்ணன்’ டிஜிட்டலில் வந்தது, ஜனங்கள் விசிலடித்துப் பார்த்தார்கள். யூடியூபில் பழைய பாட்டெல்லாம் 4கே-யில் கிடைக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றி, திரையில் மழை மாதிரி விழும் கீறல்களைத் துடைக்கிற வேலைதானே, அதற்கு ஒரு விழாவா? ஐரோப்பியர்களின் பழம்பொருள் மோகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. என் தாத்தா டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். பரணில் நாலைந்து தகர டப்பாக்களில் ரீல் கிடக்கிறது. மூடியைத் திறந்தால் குப்பென்று புளித்த நாற்றம். வீட்டில் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

இரா., திண்டுக்கல்

அன்புள்ள இரா.,

தூக்கிப் போடாதீர்கள். மற்றதை அப்புறம் சொல்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் அந்த டப்பாக்களில்தான் இருக்கிறது.

ஒரு படத்தைப் புதுப்பிக்கும் வேலை கம்ப்யூட்டரில் தொடங்குவதில்லை. எந்த டப்பா எந்தக் கிடங்கில் கிடக்கிறது என்று தேடுவதில் தொடங்குகிறது. ‘ஷோலே’யையே பாருங்கள். நாம் எல்லாரும் பார்த்த முடிவில் போலீஸ் வந்து தாக்கூரைத் தடுத்து, கப்பர் சிங்கைக் கைது செய்யும். இயக்குநர் ரமேஷ் சிப்பி முதலில் எடுத்த முடிவு அதுவல்ல. தாக்கூர் கப்பரைக் கொன்றுவிடுவார். 1975-ல், அவசரநிலைக் காலத்துத் தணிக்கையில், அதை மாற்ற வேண்டியதாயிற்று. பல வருஷங்கள் கழித்துத் தேடியபோது நெகட்டிவ் கெட்டுப்போயிருந்தது. 70 எம்.எம். பிரிண்ட் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மும்பையிலும் இங்கிலாந்திலும் கிடங்குகளில் கிடந்த ரீல்களைத் திரட்டித்தான், பழைய படங்களைக் காப்பாற்றும் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு படத்தை மீட்டது. பழைய முடிவோடு அது முதலில் ஓடியது 2025 ஜூன் 27 அன்று, போலோனியாவின் பியாஸா மஜோரே சதுக்கத்தில். திறந்தவெளி, டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மலையாள இயக்குநர் அரவிந்தனின் ‘கும்மாட்டி’யும் 2021-ல் அந்த விழாவில்தான் புதுப்பிறவி எடுத்தது. ஐரோப்பியர்களின் மோகம் என்று ஒரே அடியாகத் தள்ளிவிட முடியவில்லை, பாருங்கள்.

அந்த ஊரில் இதற்கென்றே ஒரு லேப் இருக்கிறது. சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றின் நெகட்டிவ்களும் 1993-ல் லண்டனில் நடந்த ஒரு தீ விபத்தில் சிக்கின. எரிந்ததில் மிஞ்சியதை யாரோ புண்ணியவான்கள் குப்பையில் போடாமல் அமெரிக்காவுக்கு அனுப்பி, ஆஸ்கர் விருது தருகிற அகாடமியின் காப்பகத்தில் வைத்தார்கள். இருபது வருஷம் அது எதற்கும் ஆகாமல் கிடந்தது. தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். போலோனியா லேபில் அதற்கு ஈரப்பதம் ஏற்றி இளக வைத்து, உருகி ஒட்டியிருந்த டேப்பையும் பசையையும் சுரண்டி எடுத்து, ஓரத்துத் துளைகளைக் கையாலேயே மறுபடி கட்டினார்கள். ஆயிரம் மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட இந்தக் கைவேலையே பிடித்தது. அதற்கப்புறம்தான் ஸ்கேன். அப்படியும் ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதம்தான் அசல் நெகட்டிவிலிருந்து கிடைத்தது, ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேல். ‘அபுர் சன்சா’ருக்கு வேறு பிரதிகளைத்தான் நாட வேண்டியிருந்தது. இந்தக் கணக்கைப் படத்தை வெளியிட்டவர்களே மறைக்காமல் சொல்லிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். விழாவின் கையேட்டிலும் ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எந்தக் காப்பகத்திலிருந்து வந்தது, ஃபிலிமா டிஜிட்டலா என்று போட்டிருப்பார்கள்.

புதுப்பித்துவிட்டதாலேயே எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. வண்ணப் படங்களில் தேவையில்லாமல் மஞ்சள் ஏறிவிடுகிறது என்று சினிமா பைத்தியங்கள் சண்டை போடுவதுண்டு, சில படங்களில் எனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனால் எதிலிருந்து எடுத்தார்கள் என்று பதிவு இருப்பதால், நாளை வேறொருவர் அதே ரீலை எடுத்துத் திரும்பச் செய்து பார்க்கலாம்.

நீங்கள் சொல்லும் யூடியூப் 4கே-யில் இது எதுவும் கிடையாது. யாரோ டிவியில் வந்த பிரதியை மென்பொருளில் போட்டு இழுத்திருப்பார்கள். மழையோடு சேர்த்து ஃபிலிமுக்கே உரிய மணல் போன்ற பொடிப்புள்ளிகளும் போய்விடும், முகமெல்லாம் மெழுகு. ‘கர்ணன்’ ஜனங்களைத் தியேட்டருக்கு இழுத்து வந்ததில் எனக்குச் சந்தோஷமே. பொதுவாக இங்கே செய்கிற ஒரு காரியத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. சதுரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் பழைய ஃபிரேமை சினிமாஸ்கோப் திரை முழுக்க நிரப்பினால், மேலும் கீழும் சேர்த்து ஐந்தில் இரண்டு பங்கு வெட்டுப்படும். நடனக் காட்சியில் பாதம் தெரியாது. நடனக் கலைஞர் உதய் சங்கரின் ‘கல்பனா’வை (1948) அப்படி வெட்டினால் என்ன மிஞ்சும்? அது நம் ஜெமினி ஸ்டூடியோவில், கே. ராம்நாத் ஒளிப்பதிவில் எடுத்த படம். அதையும் போலோனியா லேபில்தான் மீட்டார்கள். 2012-ல் கான் விழாவில் திரையிட்டபோது, அதில் நடித்த அமலா சங்கர் தொண்ணூறு வயதைத் தாண்டியவராக நேரில் போயிருந்தார்.

சரி, உங்கள் டப்பாக்கள். புளித்த நாற்றம் என்றால் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஃபிலிம் சிதைந்து அசிட்டிக் அமிலம் வருகிறது என்று அர்த்தம். வினிகர் வாசனையும் அதே அமிலம்தான். நின்றுபோகாது, ஆனால் வேகத்தைக் குறைக்கலாம். பக்கத்து ரீலுக்கும் தொற்றும், ஆகவே நாற்றமடிப்பதைத் தனியாகப் பிரியுங்கள். வெயில் இறங்கும் பரண்தான் இருப்பதிலேயே மோசமான இடம். குளிர்ச்சியான, ஈரமில்லாத அறைக்கு மாற்றுங்கள். 1950-க்கு முந்தைய ரீல் ஏதாவது இருந்தால் அது நைட்ரேட் என்ற பழைய வகை ஃபிலிமாக இருக்கலாம். பற்றினால் தண்ணீரிலும் எரியும், அந்த அறையில் பீடி சிகரெட் வேண்டாம். ப்ரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். ஃபிலிமில் இருக்கும் வெள்ளிக்காக எடைக்குக் கேட்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முதல் ரீல் இருந்தால் அதன் தொடக்கத்தில் சென்சார் சர்டிபிகேட் இருக்கும். ஒட்டிக்கொள்ளாமல் பிரிகிற அளவுக்கு மட்டும் கொஞ்சம் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து செல்போனில் படமெடுங்கள். படத்தின் பெயர், வருஷம், மொத்தம் எத்தனை ரீல் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். புனேயில் தேசிய திரைப்படக் காப்பகம் 1964-லிருந்து இருக்கிறது, அவர்களுக்கு அந்தப் படங்களோடு ஒரு கடிதம் எழுதுங்கள். மூடிமேல் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். அதில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை, அதனால் இரண்டையும் படமெடுத்து அனுப்புங்கள்.