எழுத்துரு கேள்வி-பதில்: நாய்க்காகப் பிறந்த எழுத்து

கேள்வி: மகளின் முதல் பிறந்தநாள் அழைப்பிதழைக் காமிக் சான்ஸ் எழுத்தில் அடித்தேன். டிசைனரான என் தம்பி, "அக்கா, மானம் போயிடும், மாத்து" என்கிறான். அவ்வளவு மட்டமான எழுத்தா அது?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். 1994-இல் மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த வின்சென்ட் கொனாரே, 'பாப்' என்ற மென்பொருளின் மாதிரியில் ஒரு கார்ட்டூன் நாய் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தில் பேசுவதைப் பார்த்தார். கோட்டு சூட்டு போட்ட எழுத்தில் நாய் பேசினால் எப்படி இருக்கும்? கையில் இருந்த காமிக்ஸ் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, பலூனுக்குள் எழுதுகிற மாதிரி ஒன்றை வரைந்தார். வேடிக்கை என்னவென்றால் அந்த நாய்க்கே அது கிடைக்கவில்லை, ஏனென்றால் எழுத்து அகலமாகி ஏற்கெனவே போட்டிருந்த கட்டங்களுக்குள் அடங்கவில்லை. அப்புறம் விண்டோஸ் 95-இன் கூடுதல் தொகுப்போடு சேர்ந்து வீடு வீடாகப் போய்விட்டது.

வினை அங்கேதான் ஆரம்பம். கணினியில் சும்மா கிடைத்ததால் அலுவலகச் சுற்றறிக்கை, எச்சரிக்கைப் பலகை என்று எல்லாவற்றிலும் ஏறியது. 2012 ஜூலை 4 அன்று செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் ஹிக்ஸ் போசான் என்ற நுண்துகளைப் பற்றி விஞ்ஞானி ஃபேபியோலா ஜியானோட்டி அறிவித்தபோது திரையில் இருந்ததும் இதே எழுத்துதான், இணையம் துகளை விட்டுவிட்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டது! என்னைக் கேட்டால் எழுத்தின்மேல் தப்பில்லை, போட்ட இடம்தான் தப்பு. நானே தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸுக்குத் துள்ளுகிற எழுத்தைப் போட்டுவிட்டு, வந்தவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு வயதுக் குழந்தைக்கு அது கச்சிதம்.

கேள்வி: சரி, அதே எழுத்துருவில் தமிழ் அடித்தால் மட்டும் வேறு மாதிரி வருகிறதே?

பதில்: காமிக் சான்ஸில் தமிழ் எழுத்துகளே கிடையாது, கணினி தன்னிடம் உள்ள வேறொரு தமிழ் எழுத்தை எடுத்து ஒட்டவைக்கிறது. அதனால்தான் ஆங்கிலம் விளையாடுகிறது, தமிழ் கைகட்டி நிற்கிறது. கூகுளின் எழுத்துருத் தளமான கூகுள் ஃபாண்ட்ஸில் 'கவிவனார்' இருக்கிறது, இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்தது, நோட்டில் பேனாவால் எழுதினாற்போல் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். கொழுகொழுவென்று வேண்டுமானால் 'பலூ தம்பி'. இரண்டும் இலவசம், இரண்டிலும் ஆங்கிலமும் உண்டு.

குழந்தை பெயரையும் தலைப்பையும் மட்டும் இவற்றில் ஒன்றில் பெரிதாக வையுங்கள். சின்ன அளவில் பத்தி பத்தியாக ஓட்டினால் ஐந்தாவது வரியில் கண் வலிக்கும், ஆகவே தேதி, நேரம், மண்டப முகவரியெல்லாம் சாதாரண எழுத்தில் இருக்கட்டும். அச்சகத்துக்கு அனுப்பும்முன் தம்பியிடம் சொல்லி எழுத்தை 'கர்வ்' பண்ணி (அதாவது எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி) பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள், அவர்கள் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் பெயரே கட்டம் கட்டமாக வந்து நிற்கும்.