கேள்வி – பதில்: கூட்டத்தில் சிக்கியவரை எப்படி மீட்பது?

கேள்வி: தம்பிக்கு வயது 24. விசைப்படகில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு தியானக் குழுவில் சேர்ந்தவன் இப்போது கடலுக்கே போவதில்லை. பங்குக் காசையெல்லாம் அங்கே கொடுத்துவிட்டு எங்களை ‘இருள்’ என்கிறான். விவரமான பையன் எப்படி ஏமாந்தான்?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: விவரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆள் தளர்ந்திருக்கும் நேரம்தான் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும். கையில் காசிருக்காது, பொழுதும் போகாது. அப்போது வருகிறவர்கள் கொள்கை பேசமாட்டார்கள். சாப்பிட்டாயா என்பார்கள், அம்மாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்பார்கள், நாள் தவறாமல் போன் செய்வார்கள்.

அடுத்தது முகாம். இரவு பதினொன்றுக்குப் படுக்கவைத்து மூன்றுக்கு எழுப்புவார்கள். அரைவயிற்றுக் கஞ்சிதான் கிடைக்கும். பிறகு கண்ணை மூடி வேகவேகமாக மூச்சை இழுத்துவிடச் சொல்வார்கள். தொடர்ந்து செய்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல்கள் மரத்து மடங்கும், உதட்டோரம் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும், தலை கிறுகிறுக்கும், சிலருக்கு அழுகையும் வரும். இது உடம்பின் வேலை, யாருக்கும் வரும். அதற்கு அங்கே ‘சக்தி இறங்குது’ என்று பெயர். தன் உடம்பே உணர்ந்ததை வீட்டார் சொன்னால் மறுப்பானா?

பிறகு ‘மனதைக் கழுவ’ என்று சொல்லிப் பழைய தப்புகளை எழுதி வாங்குவார்கள். அந்தத் தாள்தான் கடிவாளம். விலகினால் படகு கவிழும், தாய்க்கு ஆகாது என்ற பயம் அதற்கு மேல்.

1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்காவின் கயானாவில் ஜிம் ஜோன்ஸ் என்ற மதபோதகரின் ‘பீப்பிள்ஸ் டெம்பிள்’ குழுவில் 900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் விஷத்தால். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறுவர்கள். அதற்கு முன்பே விஷம் என்று சொல்லி ஏதோ ஒன்றைக் குடிக்கவைத்து ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். பொய்யான குற்ற ஒப்புதல்களும் எழுதி வாங்கியிருந்தார்கள். சின்னச் சின்னக் கீழ்ப்படிதலில்தான் எல்லாம் தொடங்குகிறது.

கேள்வி: ஆளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா?
– அதே வாசகி

பதில்: வேண்டாம். வயது வந்தவரை இழுத்து வந்து பூட்டினால் வழக்கு உங்கள் மேல் வரும். அங்கே அடைத்து வைத்திருப்பது உறுதியென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு (ஆளை நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் மனு) போடலாம். ஆனால் ‘என் விருப்பத்தில்தான் இருக்கிறேன்’ என்று நீதிபதி முன் அவர் சொன்னால் மனு அதோடு முடிந்தது. சிறுவர்கள் உள்ளே இருந்தால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

‘உன் குரு பித்தலாட்டக்காரர்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வீட்டார் இப்படித்தான் திட்டுவார்கள் என்று முன்பே சொல்லி வைத்திருப்பார்கள். நீங்கள் திட்டினால் குருவின் வாக்குப் பலித்ததாக ஆகும். வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும்: யார் படகில் இறால் நன்றாகப் பட்டது, எந்தக் கூட்டாளிக்குக் கல்யாணம். கேட்பதானால் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கேளுங்கள். ரொக்கம் தராதீர்கள், மருந்தோ ரீசார்ஜோ நீங்களே போட்டுக்கொடுங்கள். அவராகவே சந்தேகம் பேசினால் ‘அப்பவே சொன்னேன்ல’ என்று பாயாமல் காதுகொடுங்கள்.

திரும்பி வந்தபின்னும் சில மாதம் கெட்ட கனவு, திடீரென்று தன்னை மறந்துபோகும் நிலை, எந்தச் சட்டை போடுவது என்றுகூட முடிவெடுக்க முடியாத தடுமாற்றம் இருக்கலாம். கவனம் சிதறும் நிலையில் படகில் வலையை இழுக்கும் வின்ச் இயந்திரத்தின் பக்கம் நிற்கவிடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416 (டெலி மானஸ்) இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: 67 வயது அம்மா, வீட்டைக் குழுத் தலைவர் பெயருக்குத் தானப்பத்திரம் எழுதிவிட்டார். மீட்க முடியுமா?
– வாசகர், தொண்டி

பதில்: முடியும், அம்மா மனது வைத்தால். அவர் உயிரோடு இருக்கும்வரை வழக்கை அவர்தான் போட வேண்டும். ஒருவரின் மனதை ஆளும் இடத்தில் இருப்பவர் அதை வைத்து நியாயமற்ற லாபம் அடைவதை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு ‘தகாத செல்வாக்கு’ என்கிறது. மறுமைக்கு நல்லது என்று குருவுக்குச் சொத்தெழுதிய முதியவர் ஒருவரின் பத்திரத்தை அலகாபாத் உயர் நீதிமன்றம் 1890-இலேயே ரத்துசெய்தது. விஷயம் தெரியவந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.

கடைசிவரை பார்த்துக்கொள்கிறோம் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிக் கைவிட்டிருந்தால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுப்பது செலவு குறைந்த வழி.

இன்றே வில்லங்கச் சான்று எடுத்து, வீடு கைமாறியிருக்கிறதா என்று பாருங்கள். பவர் பத்திரமும் கொடுத்திருந்தால் ரத்துப் பத்திரம் பதியச் சொல்லுங்கள். ரொக்கம் கொடுத்ததற்கு ரசீது இருக்காது. எந்தத் தேதி, எவ்வளவு, யார் முன்னால் என்று அம்மா கைப்பட எழுதி வைக்கட்டும். நகையை அடகு வைத்துக் கொடுத்திருந்தால் அந்த அடகுச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.